ஏழாவது சாம்பார்

எங்கள் ரேஷன் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு வேளை சாம்பார் வைக்க 150 கிராம் போடுகிறேன். அதற்குக் கீழே போனால் சாம்பார் என்று சொல்லிப் பரிமாறக் கூச்சமாக இருக்கும். ஆக, ஒரு கிலோவில் ஆறு சாம்பார். மிஞ்சுகிற 100 கிராம் ஒரு கீரைக் கடைசலோடு தீர்ந்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் சாம்பார் வைக்கிற வீட்டில் பன்னிரண்டாம் தேதியே பருப்பு டப்பா காலி. ஏழாவது சாம்பாருக்கு மளிகைக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அதே பருப்பு 140 ரூபாய். நேற்று வரை நான்கரை ரூபாயில் முடிந்த பருப்புச் செலவு இன்றைக்கு 21 ரூபாய்.

அப்படியென்றால் மிச்சமிருக்கும் பதினெட்டு நாளுக்கு எதை வாங்குவது? கடைப் பருப்பா, பாசிப் பருப்பா, கொள்ளா, மீல் மேக்கரா, முட்டையா, மீனா? பருப்பே வேண்டாமென்று காரக்குழம்பும் ரசமுமாக ஓட்டிவிடுவதா? போன வருடம் சித்திரையில் ஒரு பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். கீழே வரும் விலைகள் அந்த நோட்டில் கடைசியாக எழுதியவை. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றின் கடை விலைகள். உங்கள் ஊரில் பத்து இருபது ரூபாய் கூடும், குறையும். எது மலிவு, எது அடுத்தது என்ற வரிசை அவ்வளவு எளிதில் மாறாது.

முதலில், கிலோ விலையைப் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். துவரம் பருப்பு 140, மீல் மேக்கர் 150, மத்தி மீன் 160. கடைப் பலகையில் மூன்றும் அண்ணன் தம்பிகள்தான். ஆனால் 100 கிராம் மீல் மேக்கரில் புரதம் 52 கிராம். அதே எடைப் பருப்பில் 22. மத்தியில் தலை, குடல், செதிள் போனபின் வாங்கிய எடையில் பாதியும் கொஞ்சமும்தான் சட்டிக்கு வரும். வாங்கிய 100 கிராமுக்கு 12 கிராம் தேறினால் அதிகம். அதனால் நான் வேறொரு படியால் அளக்கிறேன். 150 கிராம் துவரம் பருப்பில் 33 கிராம் புரதம் இருக்கிறது. அதை ஒரு 'சாம்பார் அளவு' என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு சாம்பார் அளவைக் குடும்பத்துக்குக் கொடுக்க ஒவ்வொன்றிலும் எவ்வளவு செலவாகிறது என்பதுதான் கேள்வி.

எதற்கு இந்தப் புரதக் கணக்கு என்று கேட்கலாம். மாவுச்சத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் வருகிறது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அப்படித்தான். சோறு வயிற்றை நிரப்பிவிடும்; தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரை. நான் 50 கிலோ. எனக்கு 41, 42 கிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலேயே பாதி வந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் இத்தனை பாடு.

கணக்குப்படி மலிவில் முதலிடம் மீல் மேக்கருக்கு. 65 கிராம் போதும். பத்து ரூபாய்கூட ஆகாது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவில் செய்வது என்பதால்தான் அந்த விலைக்குக் கட்டுப்படியாகிறது. நான் முதல் தடவை வைத்த குழம்பு வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கொதிக்கிற குழம்பில் போட்டேன். இருந்த குழம்பையெல்லாம் அது குடித்துவிட்டது. என் மகன் ஒரு உருண்டையைக் கடித்துவிட்டு, தலையணைப் பஞ்சு என்றான். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒட்டப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி மறுபடி பிழிய வேண்டும். பிழிகிற தண்ணீரில் நுரையும் அந்தப் பச்சை வாடையும் போகும் வரை விடக்கூடாது. பிறகு பொடியாக நறுக்கினால் கொத்துக்கறி மாதிரி சப்பாத்திக்கு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் நோட்டில் இன்னொரு வரி இருக்கிறது. மீல் மேக்கருக்குத் தனக்கென்று ருசி கிடையாது. இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, அரை மூடி தேங்காய் என்று போட்டு அதற்கு ருசி ஏற்ற வேண்டும். பத்து ரூபாய்ச் சாமானுக்கு நாற்பது ரூபாய்ச் சிங்காரம். குருமாவாக வைத்தால் மலிவு எல்லாம் மசாலாவிலேயே போய்விடும். அதனால் தனியாகச் சமைப்பதில்லை. உருளைக்கிழங்குப் பொரியலிலோ தக்காளிச் சோற்றிலோ ஒரு பிடி சேர்க்கிறேன். அப்படிச் சேர்த்தால்தான் அது உண்மையிலேயே மலிவு.

அடுத்தது கொள்ளு. கிலோ 90 ரூபாய், 150 கிராமுக்குப் பதின்மூன்றரை. புரதத்தில் துவரம் பருப்புக்குச் சமம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். எங்கள் வீட்டில் கொழுத்தவர் யாருமில்லை, இருந்தும் வாரம் ஒரு நாள் கொள்ளு உண்டு. காரணம், ஒரே வேகலில் இரண்டு பதார்த்தம் ஆகிவிடும். வெந்த தண்ணீரை இறுத்து, புளியும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாயோடு சட்டியில் மத்தால் கடைந்தால் சோற்றில் பிசைந்து சாப்பிடக் கடையல். காய் வாங்க வேண்டியதில்லை. அன்றைக்குக் காய்க்கடை வாசலையே மிதிப்பதில்லை என்பது இன்னொரு இருபது ரூபாய் லாபம்.

கொள்ளின் குறை அடுப்பில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு சிலிண்டர் 40 நாள் வரும். கொண்டுவந்து இறக்குபவருக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் 920 ரூபாய். நாளைக்கு 23 ரூபாய் அடுப்புக்கே போகிறது. ரேஷன் பருப்பு நான்கரை ரூபாய் என்று பெருமைப்படும்போது இந்த 23 ரூபாயை நாம் மறந்துவிடுகிறோம். முதல் நாள் இரவே ஊறவைக்க மறந்தால் கொள்ளு எட்டு விசிலுக்கும் அசையாது. ஊறியிருந்தால் நாலைந்து போதும். கல் பொறுக்கும் வேலை வேறு. சித்திரை, வைகாசியில் சூடு என்று அத்தை அடுப்பில் ஏற்றவே விடமாட்டார். அதில் நான் வாதாடுவதில்லை.

பாசிப் பருப்பு 120 ரூபாய். 140 கிராம் எடுத்தால் 17 ரூபாய். துவரம் பருப்பைவிட நான்கு ரூபாய் குறைவு, வேகும் நேரமும் பாதி. ஏழாவது சாம்பாரைச் சாம்பாராகவே வைத்தாக வேண்டுமென்றால் என் தேர்வு இதுதான். கடையில் விற்கும் துவரம் பருப்பை நான் வாங்குவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. பாசிப் பருப்புச் சாம்பார் இட்லிக்குப் பிரமாதம். சோற்றுக்குச் சற்று வழுவழுப்பு. பாதி வெந்ததும் இறக்கிவிட்டால் அந்தக் குறையும் தெரியாது. நிலக்கடலையும் ஏறக்குறைய இதே செலவுதான். ஆனால் அது குழம்புக்குப் போவதற்கு முன்பே பிள்ளைகள் கையில் போய்விடுகிறது. அதையும் நான் நஷ்டமாக எழுதுவதில்லை.

மீன் என்றால் எங்களுக்கு மத்திதான். கடல் பக்கத்தில் இல்லாத ஊர். ஐஸ் பெட்டி கட்டிய வண்டியில் வாரம் இரண்டு நாள் ஒருவர் வருகிறார். அரைக் கிலோ 80 ரூபாய், பத்துப் பன்னிரண்டு மீன் நிற்கும். கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசினால் செதிள் தானாக உதிரும். தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வந்துவிடும். அரைக் கிலோ 300 கிராமாகிறது, மீதியைக் கொல்லைப் பூனை கொண்டாடுகிறது. அதில் ஏறக்குறைய இரண்டு சாம்பார் அளவு புரதம் தேறும். அதாவது அளவுக்கு 40 ரூபாய்க்கு மேல். வெறும் ரூபாய்க் கணக்கில் மீன் தோற்றுவிடும். ஆனால் நன்றாக வெந்த மத்தியின் முள்ளை அப்படியே மென்று விழுங்கலாம். அந்தச் சுண்ணாம்புச் சத்தும் மீன் கொழுப்பும் பருப்பில் கிடையாது. அன்றைக்குப் பொரியல், அப்பளம் எதுவும் கேட்க மாட்டார்கள். அதனால் மாதம் இரண்டு தடவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் வண்டிக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். அப்போது கருவாடு. நெத்திலிக் கருவாட்டில் நீர் வற்றிப்போனதால் எடையில் பாதிக்கு மேல் புரதமே. 75 கிராம் கத்தரிக்காயோடு போனால் ஐந்து பேருக்குக் காணும். உப்புத்தான் கூடுதல். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவியும் குழம்புக்கு நான் தனியாக உப்புப் போடுவதில்லை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அத்தைக்கு அன்றைக்கு மோர்.

பிராய்லர் கோழியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு சாம்பார் அளவுக்கு 60 ரூபாய். அது ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு வாங்குவது, சத்துக் கணக்கில் வராது.

இப்போது பருப்பே இல்லாத குழம்பு. பணம் முடையாக இருந்தால் வற்றல் குழம்பு வைத்து ஓட்டிவிடலாம் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள் செலவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். காரக்குழம்பு பிரிந்து எண்ணெய் மேலே மிதக்க வேண்டுமென்றால் நல்லெண்ணெய் 60 மில்லி, 21 ரூபாய். சின்ன வெங்காயம் 200 கிராம், 12 ரூபாய். எங்கள் பக்கம் விளைகிற வெங்காயம்தான். அதனால் 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது, மழைக்குப் பிறகு இந்த விலையைக் கனவில்தான் பார்க்கலாம். பூண்டு 8, புளி 5. மொத்தம் 46 ரூபாய். கடைத் துவரம் பருப்பு வாங்கி, முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்டு வைக்கிற ஏழாவது சாம்பார்கூட 50 ரூபாய்க்குள் முடிகிறது. நான்கு ரூபாய் மிச்சப்படுத்தி, 33 கிராம் புரதத்தை விட்டிருக்கிறேன்!

காரக்குழம்புக்காக ஒன்று சொல்லவேண்டும். மறுநாளும் கெடாது, மறுநாள்தான் ருசியே. இரண்டு நாளுக்கு என்று வகுத்தால் நாளைக்கு 23 ரூபாய். இரண்டாம் நாள் அடுப்பும் மிச்சம். அதனால் விட்டுவிடவில்லை. ஆனால் காரக்குழம்பு நாளில் தொட்டுக்கொள்ள அப்பளம் பொரிப்பதை நிறுத்தி, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் வைக்கிறேன். 165 கிராம் கடலை 15 ரூபாய். அப்பளத்துக்கும் அது பொரிகிற எண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே காசுதான் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் என்றதும் ரேஷன் பாமாயிலைப் பற்றிக் கேட்பார்கள்: லிட்டர் 25 ரூபாய் என்பதால் பொரிக்க மட்டும் வைத்திருக்கிறேன். அதில் கெட்டிக் கொழுப்பு அதிகம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கரண்டி கரண்டியாக ஊற்றுவதற்கில்லை.

இட்லி மாவும் பருப்புக் கணக்கில்தான் சேரும் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. நான்கு டம்ளர் ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போடுகிறேன், அதாவது 200 கிராம், 28 ரூபாய். வெந்தயத்துக்கு இரண்டு ரூபாய். கல்யாணச் சீராக வந்த கோயம்புத்தூர் கிரைண்டருக்கு 150 வாட் மோட்டார். 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பதால் அது கணக்கிலேயே வருவதில்லை. முப்பது ரூபாய்க்கு இரண்டேகால் கிலோ மாவு. பாக்கெட் மாவு கிலோ 50. அதே அளவுக்கு 112 ரூபாய். வாரம் இரண்டு முறை அரைத்தால் மாதம் 640 ரூபாய்க்குக் குறையாமல் கையில் நிற்கிறது. அந்தப் பணத்துக்கு 98 முட்டை வாங்கலாம்.

பாக்கெட் மாவில் உளுந்து எவ்வளவு என்பது அரைத்தவருக்குத்தான் தெரியும். என் மாவில் ஒரு தடவைக்கு 46 கிராம் புரதம் உளுந்திலிருந்தே வருகிறது. ஒரு சாம்பார் அளவுக்கும் மேல். கல்லைத் தூக்கிக் கழுவுகிற வேலையை இதில் சேர்க்கவில்லை. தையல் வேலை குவிகிற தீபாவளி மாதத்தில் நானும் பாக்கெட் மாவுதான் வாங்குகிறேன். அந்த 40 நிமிடத்தில் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிவிடலாம்.

ரேஷன் அரிசியில் சில ஆண்டுகள் செறிவூட்டிய அரிசி கலந்து வந்தது. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் அரிசி மாவோடு பிசைந்து அரிசி வடிவில் வார்த்து, நூறுக்கு ஒன்று என்று கலந்தார்கள். களையும்போது இது மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அரித்துக் கொட்டினார்கள். நானும் கொட்டியவள்தான். சிறுதானியம் சிக்கனம் என்பதும் இப்போது பாதிதான் உண்மை. கேழ்வரகும் கம்பும் 50 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. தினை, சாமை, குதிரைவாலி எல்லாம் நூறைத் தாண்டிப் பணக்காரத் தானியமாகிவிட்டன.

கடைசியாக முட்டை. ஆறரை ரூபாய். நாமக்கல் விலை புரட்டாசியில் இறங்கும், மார்கழியில் ஏறும். ஒரு முட்டையில் ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம். ஐந்து பேருக்கு ஐந்து முட்டை என்றால் ஒரு சாம்பார் அளவுக்கு ஒரு கிராமோ இரண்டோ குறைவு; செலவு முப்பத்திரண்டரை ரூபாய். மீல் மேக்கரைப்போல மூன்று மடங்கு, பாசிப் பருப்பைப்போல இரண்டு மடங்கு. இதை வைத்துக்கொண்டு முட்டையை வரிசையின் கடைசியில் எழுதியிருந்தேன். ஆனால் பருப்பில் குறைகிற சில புரதக் கூறுகள் முட்டையில் குறைவின்றி உண்டு; பருப்பு எதிலும் இல்லாத பி12 உண்டு. பத்து நிமிட அடுப்பு, மசாலா வேண்டியதில்லை, பல் இல்லாதவருக்கும் ஆகும்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஐந்து முட்டை வாங்கும் நாளில் அது யார் தட்டுக்குப் போகிறது? மகன் நான்காம் வகுப்பு; அரசுப் பள்ளியில் காலை உணவு, மதியம் சத்துணவு. மகள் எட்டாம் வகுப்பு. மதியச் சாப்பாடு அங்கேதான். பள்ளி நடக்கும் ஐந்து நாளும் இருவருக்கும் சத்துணவில் முட்டை உண்டு. மில்லுக்குப் போகிற கணவருக்கு டப்பாவில் ஒன்று வைத்துவிடுவேன். மதியம் வீட்டில் இருப்பது அத்தையும் நானும்தான். நாங்கள் இருவரும் நேற்றைய குழம்பின் அடியில் தங்கியதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, முட்டையை ராத்திரி பிள்ளைகள் வரட்டும் என்று வைத்திருந்தோம். வீட்டிலேயே குறைவாகப் புரதம் சாப்பிடும் இருவரின் பங்கு, அதிகம் சாப்பிடும் இருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தைக்கு வயது 68. இந்த ஒரு வருடத்தில் அவர் புஜம் சுருங்கிப் போனதை ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது என் டேப் காட்டியது.

அதனால் இப்போதைய ஏற்பாடு இது. ரேஷன் பருப்பை மாதத் தொடக்கத்திலேயே தீர்ப்பதில்லை. பாசிப் பருப்போடு மாற்றி மாற்றி இருபத்தைந்தாம் தேதி வரை இழுக்கிறேன். வாரம் ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் சுண்டலோடு காரக்குழம்பு, இடையில் ஏதாவதொன்றில் ஒரு பிடி மீல் மேக்கர். ஐந்து பேருக்கும் முட்டைக் குழம்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். வார நாளில் கணவர் டப்பாவுக்கு வைப்பதைத் தவிர இரண்டே முட்டை, அத்தைக்கும் எனக்கும்.

முதல் வாரம் அவித்துக் கொடுத்தேன். அத்தை தன் முட்டையை நூலால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி வைத்தார். பேரன் பள்ளி விட்டு வருவானாம். அவன் அங்கே ஒன்று தின்றுவிட்டுத்தான் வருவான் என்று நான் சொன்னதற்கு, "வளரும் பிள்ளை" என்றார். மறுநாளும் அதே கிண்ணம், அதே தட்டு. மூன்றாம் நாளிலிருந்து அவிப்பதை விட்டுவிட்டேன். மிளகு தட்டிப் போட்டுப் பொடிமாஸாக்கி, அவருடைய சோற்றிலேயே கிளறி வைத்துவிடுகிறேன்.